கதிரை, மாங்காய், வள்ளம்

வவுணதீவிலிருந்து அந்தக் கிழவரை மகன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தான். வயலைத் தன் பெயருக்கு எழுத, அப்பாவின் புத்தி தெளிவாக இருக்கிறதென்று டொக்டர் கடிதம் தர வேண்டுமாம். நான் அங்கே தாதி.

வெயிலில் கறுத்து மெலிந்த மனிதர். கழுத்துப் பொத்தானைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். கிழமை, மாதம் எல்லாம் பிசகாமல் சொன்னார்.

“கதிரை, மாங்காய், வள்ளம். பிறகு கேட்பன், ஞாபகம் வைச்சிருங்க ஐயா,” என்ற டொக்டர், “வயலை எழுதிக் குடுக்க விருப்பமா?” என்று கேட்டார். மகனை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

கிழவரின் விரல் பொத்தானில் நின்றது. “ஓம்.”

“அந்த மூண்டு சொல்லும்?”

“மறந்து போச்சு.”

“பக்கத்தில நிக்கிறவர் ஆர்?”

அவர் மகனை நெடுநேரம் பார்த்தார். “தெரியா.”

கடிதம் கிடைக்கவில்லை. மகன் ஓட்டோ பிடிக்கப் போனபோது, வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“கதிரை, மாங்காய், வள்ளம்,” என்றார் மெல்ல. “அது இளைய மகளுக்கு வைச்ச காணி, புள்ள.”

“டொக்டரிட்டச் சொல்லியிருக்கலாமே, ஐயா?”

“அவன்ட வீட்டிலதானே நான் கிடக்கன்.”

ஓட்டோ வந்தது. “மகளைப் பாத்திட்டுப் போவம்,” என்றார் கிழவர். மகன் அதைக் காதில் வாங்காமல் என்னிடம் சொன்னான்: “இவருக்கு இனி ஒண்டும் விளங்காது, மிஸ்ஸி.”

விளங்கும் என்று நான் சொன்னால் காணி போய்விடும். நான் ஓம் என்று தலையாட்டினேன். கிழவர் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.