கம்பளத்தில் அமுங்கிய பாட்டு

மோசெல் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஆனால் வாரத்தில் நான்கு மாலை அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போவாள். ஹார்லமில் ஒரு சலவைக்கூடத்தில் பகலெல்லாம் ஓட்டல் துண்டுகளை மடித்துவிட்டு, நேரே பள்ளியின் இரண்டாம் மாடிப் பெண்கள் கழிப்பறைக்கு ஓடுவாள். இன்னும் அங்கே படிக்கும் தோழிகள் வெர்லீனும் ஒடெஸாவும் காத்திருப்பார்கள். நான்கு சுவரிலும் வெள்ளை ஓடு. ஓர் 'ஆ' விட்டால் போதும், சுவரில் முட்டிக் கொழுகொழுவென்று திரும்பி வரும். மூன்று பெண்கள் முப்பது பேராகிவிடுவார்கள்.

அது 1961. வானொலியைத் திருகினால் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து பாடும் பாட்டுதான். தெருவுக்கு ஒரு குழு முளைத்திருந்தது. இவர்கள் 'டிம்பிளெட்ஸ்', அதாவது கன்னக்குழிக்காரிகள். குழி என்னவோ ஒடெஸாவுக்கு மட்டும்தான்.

ஒடெஸாவின் மாமா பிராட்வேயில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுபவர். அங்கே பாட்டுகளைப் பதிவு செய்து இசைத்தட்டாக வெளியிடும் பிராடி என்பவரிடம் நச்சரித்து, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நேரம் வாங்கிக் கொடுத்துவிட்டார். பாட்டு எடுபடாவிட்டால் மற்ற இருவரும் திங்கட்கிழமை வகுப்புக்குப் போவார்கள். மோசெலுக்குத் துண்டுகள்தான். வழியெல்லாம் அவள் வாயே திறக்கவில்லை.

பிராடியின் அறையில் கால் புதையும் கம்பளம். கனத்த திரைச்சீலைகள். சுவரில்கூடத் துணி. வெர்லீன் அடி எடுத்துக் கொடுத்தாள், மூவரும் பாடினார்கள். குரல் வாயைவிட்டு இறங்கிக் கம்பளத்தில் படுத்துத் தூங்கிவிட்டது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது யார் குரல்?

"நல்ல பொண்ணுங்க," என்றார் பிராடி, கடிகாரத்தைப் பார்த்தபடி. "போய் ஒழுங்கா படிங்க. ரெண்டு வருஷம் கழிச்சு வாங்க."

"எனக்குப் படிப்பு இல்ல சார்."

யார் பேசியது என்று வெர்லீன் திரும்பிப் பார்த்தாள். மோசெல்!

"எங்களக் கழிப்பறையில வச்சுக் கேளுங்க சார்."

"எதுல வச்சு?"

"கழிப்பறையில. ஓடு போட்டிருக்கணும். அங்கதான் எங்களுக்குப் பாட்டு வரும்."

"செத்தோம்டி," என்றாள் ஒடெஸா மெல்ல.

பிராடி மேசையில் கவிழ்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சரி, வாங்க. இதையும் பாத்துடுவோம்."

நடைக்கோடியில் இருந்தது பெண்கள் கழிப்பறை. உள்ளே ஓர் அறை சாத்தியிருந்தது.

"யாரது?" அவருடைய காரியதரிசி ரோவன் அம்மாளின் குரல்.

"நான்தாம்மா, பிராடி."

"ஐயய்யோ! இங்க எதுக்கு வந்தீங்க?"

"பாட்டு கேக்க."

"நான் உள்ள இருக்கேன் சார்!"

"இருங்க, இருங்க, ஒண்ணும் அவசரமில்ல. நான் வாசல்லயே நிக்கிறேன்."

வெர்லீனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மோசெல் அவள் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அந்தக் கிள்ளிலேயே பாட்டு தொடங்கிவிட்டது. ஓடுகள் குரலை வாங்கித் திருப்பி எறிந்தன. முப்பது பேரும் வந்து சேர்ந்தார்கள். இரண்டாவது அடியில் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து டக், டக் என்று ரோவன் அம்மாளின் குதிகால் தாளம் போட ஆரம்பித்தது.

பிராடி தன் ஒலிப்பதிவுப் பையனைக் கூப்பிட்டு நடை முழுக்கக் கேட்கக் கத்தினார்: "அடேய் டாமி! மைக்க எடுத்துட்டு இங்க ஓடி வா! ஒயர் எவ்ளோ நீளம் இருக்கு?"

ஒயர் எட்டவில்லை. அடுத்த புதன்கிழமை நீள ஒயர் வாங்கி வந்து, அங்கேயே பதிவு செய்தார்கள். நடை முனையில் நின்று, வந்த பெண்களையெல்லாம் விரட்டியடித்தது ரோவன் அம்மாள்தான்: "அவசரமா? மேல் மாடிக்குப் போங்க!"

சொன்னபடியே ஒருத்தி மேல் மாடிக்குப் போய்விட்டாள். அந்த மாடிக் கழிப்பறையின் தண்ணீர்க் குழாய் இந்தச் சுவர் வழியாகத்தான் இறங்குகிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை. பாட்டின் உச்சத்தில் 'ஷோ' என்று ஒரு சத்தம். திரும்பப் பாட வைக்கலாம் என்றான் டாமி. இதுவே இருக்கட்டும், பதிவைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்றார் பிராடி.

கோடை பிறந்ததும் சலவைக்கூடத்து வானொலியில் அந்தப் பாட்டு வந்தது. இஸ்திரி போடும் ஹாட்டி அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காதைத் தீட்டினாள்.

"ஏய் மோசெல், நடுவுல மழை கொட்டுற மாதிரி வருதே, அது என்னடி வாத்தியம்?"

மோசெல் துண்டுக் குவியலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.