லோரியில் முடிந்த கதை

எங்கள் தோட்டத்து லோரியின் பின்பக்கப் பலகை ஒரு ஓரத்தில் உடைந்திருந்தது. அதைச் சங்கிலி போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். செம்மண் சாலையில் லோரி குலுங்கிக் குலுங்கிப் போகும்போது அந்தச் சங்கிலி ஓயாமல் பலகையில் அடித்துக்கொண்டே வரும். சின்னம்மா தொண்டையைச் செருமியதும் பலகையோரம் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒரு பெண் கையை நீட்டிச் சங்கிலியைப் பிடித்துக்கொள்வாள். யாரும் அவளிடம் பிடிக்கச் சொன்னதில்லை. கதை தொடங்கப்போகிறது, சத்தம் கூடாது, அவ்வளவுதான்.

பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில் நானும் அந்த லோரியில் செம்பனைக் காட்டுக்குப் போய் உதிரிப் பழம் பொறுக்கினேன். விடிவதற்கு முன் பெரட்டு நடக்கும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒவ்வொருவராகப் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த நிரை, அதாவது எந்த மர வரிசை, என்று பிரித்துக் கொடுப்பார். அது முடிந்ததும் லோரியில் ஏறிவிடுவோம். தூரத்துக் காடு போய்ச் சேரும்வரைதான் கதைக்கு நேரம். லோரி நின்றால் கதையும் நின்றுவிடும். கதையில் வரும் படகுப்பெண் தண்ணீருக்குள் காலை வைத்திருப்பாள், நாங்கள் சேற்றில் காலை வைத்து இறங்கிவிடுவோம். லோரி ஓட்டிய மாமா முன்னால் உட்கார்ந்திருப்பதால் அவருக்கு ஒன்றும் கேட்காது. அந்தக் கோபத்தில், சாயா குடிக்கும் நேரத்தில் வந்து நின்றுகொண்டு முழுக்கதையையும் மறுபடி சொல்லச் சொல்வார். மறுத்தால் மறுநாள் வேண்டுமென்றே பள்ளம் பார்த்து ஓட்டுவார்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்ததோடு சரி, ஆனால் அச்சடித்த எதையும் விடமாட்டார். மீன் சுற்றி வந்த தாளைக்கூடக் காயவைத்துப் படித்தவர். அவர் லோரியில் சொன்னது தமிழ்நாட்டில் அச்சாகிப் பாகம் பாகமாக வந்த ஒரு பெரிய மாயக்கதை. நாவலின் பேரைச் சொன்னால் நீங்களும் உடனே ஓர் அபிப்பிராயம் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள், அதனால் சொல்லவில்லை. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வீட்டு அம்மா ஒவ்வொரு பாகமாகக் கடன் கொடுப்பார், சின்னம்மா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். ஏரிக்கு அடியில் மூழ்கிப்போன ஒரு நகரம். அங்கே அத்தனை பேரும் ஒரு சாபத்தால் கல்லாக நிற்கிறார்கள். மேலே ஏரியில் படகு ஓட்டும் ஒரு பெண்ணுக்கு மட்டும் கீழே இறங்கிப் போய்வர முடியும். சாபம் நீங்க வேண்டுமானால் உயிருள்ள ஒருத்தி அவர்களுக்குப் பதிலாக என்றென்றும் கல்லாக நிற்க வேண்டும். கதையின் முடிச்சு இதுதான்.

லோரியில் எங்களோடு வந்தவர்களில் பெரியக்கா என்று எல்லாரும் கூப்பிட்ட ஒருவர் இருந்தார். வயதில் மூத்தவர், பேச்சு குறைவு. அந்த மாதங்களில் அவருடைய ஒரே மகள் சிறுநீரகக் கோளாறால் உடம்பெல்லாம் வீங்கி, கிள்ளான் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பத்து வயதுகூட ஆகவில்லை. வேலைக்கு வராவிட்டால் கூலி இல்லை என்பதால் பெரியக்கா காட்டுக்கு வந்து, தன் நிரையை முடித்துவிட்டு, பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் போய் பஸ் பிடிப்பார். பல நாள் அவர் போய்ச் சேர்வதற்குள் பார்வை நேரம் முடிந்திருக்கும். கதை நடக்கும்போது எல்லாரும் வாய்க்கு வந்ததைக் கேட்பார்கள். பெரியக்கா ஒன்றை மட்டும்தான் கேட்பார். "அந்தப் புள்ள மேல திரும்பி வந்துருமா?" சின்னம்மா தினமும் ஒரே பதிலைத்தான் சொன்னார். கடைசிப் பாகம் இன்னும் கைக்கு வரவில்லை, வந்ததும் சொல்கிறேன் என்பார்.

கடைசிப் பாகம் வந்தது. மறுநாள் லோரியில் ஏறிய சின்னம்மாவின் கண் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அவர் முடிவைச் சொன்னார். படகுப்பெண் கல்லாகத்தான் போனாள். ஆனால் சாபம் நீங்கி எழுந்த ஊர்க்காரர்கள், இத்தனை பேர் இருக்கும்போது இவள் ஒருத்தி மட்டும் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். ஆளுக்கு ஒரு நாள் என்று முறை போட்டுக்கொண்டார்கள். விடியற்காலையில் பேர் கூப்பிடுவார்கள். பேர் வந்தவர் போய்க் கல்லாக நிற்பார், சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோறு தின்பார். படகுப்பெண் தன் படகில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். லோரியில் ஒரே சிரிப்பும் கைத்தட்டலும். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் முறை உண்டா என்று ஒருத்தி கேட்டாள். இல்லை என்றார் சின்னம்மா. மண்டோருக்கு என்று இன்னொருத்தி கேட்டாள். மண்டோருக்கு மட்டும் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் என்றார். பெரியக்கா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு சில நாளிலேயே ஒரு காரியம் நடந்தது. பெரியக்காவின் நிரையை மற்றப் பெண்கள் ஆளுக்கு ஒரு நாளாக எடுத்துக்கொண்டார்கள். பெரட்டில் அவர் பேருக்கு அவரே குரல் கொடுப்பார், லோரியிலும் ஏறுவார், ஆனால் காட்டுக்குப் போகும் வழியில் பஸ் நிற்கும் இடத்திலேயே இறங்கிவிடுவார். மண்டோர் அந்த நேரத்தில் எப்போதும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கதையைக் கேட்டுத்தான் பெண்களுக்கு இந்த யோசனை வந்ததா, இவர்கள் செய்யக்கூடியவர்கள் என்று தெரிந்துதான் சின்னம்மா கதையை அப்படி முடித்தாரா, எனக்குத் தெரியாது. பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தாள். இன்றைக்கு அவளுக்கே கல்லூரி போகும் மகள் இருக்கிறாள்.

நாவலில் முடிவு அப்படி இல்லை. பல வருடம் கழித்து, வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு நூலகத்தில் கடைசிப் பாகத்தை எடுத்துப் படித்தேன். அதில் படகுப்பெண் கல்லாகிறாள், ஊர் உயிர்க்கிறது, அவளை எல்லாரும் மறந்துபோகிறார்கள், ஏரியில் மழை பெய்கிறது, முற்றும். எனக்கு ஆத்திரமாக வந்தது, சின்னம்மாவிடம் ஓடினேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாரிடமும் மூச்சு விடாதே என்றார். பெரியக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து மகளுக்குச் சொன்னதும் லோரியில் கேட்ட முடிவைத்தான். அதைப் பொய் என்று இனி எப்படிச் சொல்வது என்று கேட்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன். தோட்டம் கைமாறி, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகள் காலியாகி, நாங்கள் புக்கிட் பெலிம்பிங்குக்கும் மற்ற இடங்களுக்கும் பிரிந்து போனபோது அந்தப் பேச்சும் எங்களோடு ஓய்ந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த வருடம் அந்த நாவல் படமாக வந்தது. பழைய தோட்டத்து ஆட்களுக்கென்று ஒரு வாட்சப் குழு இருக்கிறது. காலை வணக்கப் பூக்களும் சர்க்கரை நோய்க்குக் கைவைத்தியமும் மட்டுமே வந்துகொண்டிருந்த அந்தக் குழுவில் திடீரென்று உயிர் வந்தது. முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு லோரிக்கார மாமா குரல்பதிவாகவே அனுப்பித் தள்ளினார். படகு சின்னதாக இருக்கிறதாம், நடிகை வெயிலில் வேலை செய்தவள்மாதிரி இல்லையாம். பெரியக்காவின் மகள்தான் ஏற்பாடுகளை எல்லாம் செய்தாள். ஒரு வேன் பேசி, கிள்ளானில் மதியக் காட்சிக்கு எல்லாருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டு, கதை சொன்ன சின்னம்மாவுக்கு நடு வரிசையில் நடு நாற்காலி என்று குழுவில் அறிவித்தாள்.

அன்று சாயங்காலமே சின்னம்மா என் வீட்டுக்கு வந்துவிட்டார். "எல்லாருக்கும் தெரிஞ்சுரும். பெரியக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றார். காய்ச்சல் என்று சொல்லிவிடவா, கால் வலி என்று சொல்லிவிடவா என்று என்னையே யோசனை கேட்டார். வராமல் இருந்தால் மட்டும் மற்றவர்கள் படம் பார்க்காமல் இருந்துவிடுவார்களா என்றேன். ஒரே ஒரு நம்பிக்கைதான் பாக்கி இருந்தது. நாவலைப் படமாக எடுப்பவர்கள் கதையைக் குட்டிச்சுவராக்குவது உலக வழக்கம். இதிலும் முடிவை மாற்றித் தொலைத்திருக்கலாம். இருவரும் போனை வைத்துக்கொண்டு பார்த்தவர்களின் கருத்துகளைப் படித்தோம். அத்தனை பேரும் பாராட்டித்தான் எழுதியிருந்தார்கள். நாவலுக்கு உண்மையாக இருக்கிறது என்றார் ஒருவர். கடைசிக் காட்சியில் அழுதுவிட்டேன், எழுத்தாளர் எழுதியபடியே இருக்கிறது என்றார் இன்னொருவர். நாவலுக்குத் துரோகம் செய்துவிட்டார்கள் என்று திட்டும் ஒரு நல்ல மனிதரைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஒரு படத்துக்கு நல்ல விமர்சனம் வந்ததற்காக நான் அவ்வளவு வருத்தப்பட்டது அந்த ஒருமுறைதான்.

தியேட்டரில் சின்னம்மா படத்தைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியக்காவைத்தான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். படம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஏரிக்கு அடியில் அந்த நகரம் விரிந்தபோது எங்கள் வரிசையே வாயைப் பிளந்தது. படகுப்பெண் பாதத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லானாள். ஊர் உயிர்த்தது, மழை பெய்தது, திரை இருண்டு எழுத்துகள் ஓடத் தொடங்கின. சுற்றி இருந்தவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போனார்கள். எங்கள் ஆட்கள் மட்டும் அசையவில்லை. முறை போடும் காட்சி இனிமேல்தான் வரும் என்று மடியில் கை வைத்துக் காத்திருந்தார்கள். எழுத்துகளும் ஓடி முடிந்து விளக்குகள் எரிந்தன. கூட்ட வந்த பங்களாதேஷ் தம்பி துடைப்பத்தோடு நின்று எங்களையே பார்த்தான். "ரீலு பாக்கி இருக்கு, போடச் சொல்லு," என்றார் லோரிக்கார மாமா. ரீல் என்ற சாமானே இப்போது இல்லை என்பதை அவருக்கு விளக்கி வெளியே கூட்டிவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வேனில் ஏறியதுமே பஞ்சாயத்து தொடங்கியது. கிராபிக்ஸுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு முடிவில் கஞ்சத்தனம் பண்ணிவிட்டான் என்றார் ஒருவர். ஊரே முறை போடுகிற காட்சிக்கு ஆள் அதிகம் வேண்டும், அந்தச் செலவுக்குப் பயந்துதான் வெட்டிவிட்டான் என்றார் மாமா. இரண்டாம் பாகம் எடுக்கப் பார்க்கிறார்கள் என்பது இன்னொருவர் கட்சி. நல்ல கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்பதில் மட்டும் எல்லாரும் ஒரே பக்கம். சின்னம்மா தப்பு செய்திருக்கலாம் என்ற நினைப்பு ஒருவருக்கும் வரவில்லை. அவர்களுக்கு லோரியில் கேட்டதுதான் அசல். எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. பக்கத்தில் சின்னம்மா மட்டும் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாசிர் பெனம்பாங்கில் ஆற்றோரக் கடையில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் குண்டு விழுந்தது. போட்டது பெரியக்காவின் பேத்தி. கல்லூரிப் பெண், போனைப் பார்த்துக்கொண்டே, "பாட்டி, புக்லயே அப்படித்தான்லா. எல்லா ரிவியூலயும் போட்டிருக்கு. படத்துல ஒண்ணும் மாத்தல," என்றாள். லோரிக்கார மாமா நண்டின் காலை அப்படியே தட்டில் வைத்தார். சின்னம்மாவின் முகம் வெளிறிப்போனது. ஏதோ சொல்ல அவர் வாயைத் திறந்ததைப் பார்த்தேன். இத்தனை வருடம் அடைத்துவைத்ததை எல்லாம் அங்கேயே கொட்டிவிடப்போகிறார் என்று நினைத்தேன்.

பெரியக்கா முந்திக்கொண்டார். மீன் தட்டைப் பேத்தியின் பக்கம் நகர்த்தியபடி, "அப்ப எழுதுனவருக்கும் முடிக்கத் தெரியல," என்றார். அவ்வளவுதான். அதுதானே என்றார் மாமா, நண்டின் காலை மறுபடி எடுத்துக்கொண்டார். மேசை முழுக்க மறுபடி சத்தம். எழுத்தாளரை ஒரு பிடி பிடிக்கத் தொடங்கினார்கள். பேத்தி மட்டும் நம்பமுடியாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். படித்த பிள்ளை, பாவம், அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

சாப்பிட்டு எழுந்து, கை கழுவும் குழாயடியில் நாங்கள் மூன்று பேர் மட்டும் நின்றபோது சின்னம்மாவால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, அந்தக் கதை..." என்று தொடங்கினார். பெரியக்கா கையை உதறிக்கொண்டே சொன்னார். "எனக்கு அன்னிக்கே தெரியும். நீ எப்பவும் ரோட்டப் பாத்துக்கிட்டுத்தான் கதை சொல்லுவ. அன்னிக்கு மட்டும் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்ன."

சின்னம்மா குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, நான்தான் எட்டி மூடினேன். அவரிடமிருந்து பெரிதாக ஒரு மூச்சு வெளியே வந்தது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. தெரிந்திருந்தும் இத்தனை வருடமாக ஏன் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்று சின்னம்மா கேட்டார்.

வேனுக்குப் பக்கத்தில் நின்று பெரியக்காவின் மகள் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே பெரியக்கா பதில் சொன்னார்.

"கேட்டிருந்தா நீ நெசத்தச் சொல்லியிருப்ப."