மேஜை விளக்கில் ஓடிய காதுக்கருவி

என் மனைவிக்குக் காது போனது நோயால் அல்ல, நோயைத் தீர்த்த ஊசியால். மகள் பிறந்த சில மாதங்களில் அவளுக்குக் காசநோய் என்று சொன்னார்கள். ராயபுரத்திலிருந்து நாள் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டாள். கைக்குழந்தையை அவளுடைய அக்கா தன் வீட்டுக்கு எடுத்துப் போய் வைத்துக்கொண்டாள். இருமல் நின்றது. உடம்பு தேறியது. இன்னும் பேச்சு வராத குழந்தையாக மகளும் திரும்பி வந்தாள். ஆனால் அதற்குள் என் மனைவிக்கு முக்கால்வாசி காது அடைத்துப்போயிருந்தது. கோயில் மணி அடித்தால் தெரியும். பின்னாலிருந்து கூப்பிட்டால் தெரியாது.

காது டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "நரம்பு கெட்டிருக்கு. முழுசா திரும்பாது. சின்னப் பெட்டி ஒண்ணு இருக்கு, பென் டார்ச் செல்லுல ஓடும். உடுப்புல மாட்டிக்கலாம், ஓரளவு கேக்கும். லெட்டர் தரேன், ஒரு மாசத்துல கெடைச்சிடும்."

நான் அந்த லெட்டரை வாங்கவில்லை. "நானே செஞ்சிடுவேன் டாக்டர்" என்றேன்.

அப்போது எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கருவிப் பிரிவில் மெக்கானிக்காக இருந்தேன். பாய்லர் புகைபோக்கியில் புகை எவ்வளவு கறுப்பாகப் போகிறது என்று காட்டும் கருவி ஒன்றை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு பக்கம் விளக்கு எரியும். எதிர்ப்பக்கம் பிஸ்கட் அளவில் ஒரு வில்லை இருக்கும். வெளிச்சம் பட்டால் அது கொஞ்சம் மின்சாரம் தரும். புகை அடர்ந்தால் வெளிச்சம் குறையும், மீட்டரில் முள் இறங்கும். பழசாகிப்போன வில்லைகளைக் கழற்றிப் புதுசு போடுவோம். கழற்றியவை அலமாரியில் கிடந்தன.

அந்த நேரம் பார்த்து எங்கள் பிரிவுக்கு வந்த வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு படம் பார்த்தேன். மூக்குக்கண்ணாடிக் காம்பில் அதே மாதிரி வில்லைகளைப் பதித்து, அந்த மின்சாரத்திலேயே காதுக்கருவியை ஓட்டியிருந்தார்கள். வெயில்கூட வேண்டாம், வீட்டுக்குள் எரியும் மேஜை விளக்கே போதும் என்று எழுதியிருந்தது. செல் தீர்ந்துபோகும் என்ற பேச்சே இல்லை. எனக்கு அது பிடித்துப்போனது. என் மனைவிக்கு என்ன வேண்டும் என்று யோசித்ததைவிட, அதை நான் செய்து காட்ட வேண்டும் என்றுதான் அதிகம் யோசித்திருக்கிறேன். இப்போது அது தெரிகிறது.

பழைய வில்லைகளை எடுத்துக்கொள்ள ஃபோர்மேனிடம் கேட்டேன்.

"ஸ்க்ராப்தானே, எடுத்துக்கோ. ஆனா ஒரு பென் டார்ச் செல்லப் போட்டா வேலை முடிஞ்சிது. எதுக்குப்பா இந்தப் பாடு?"

"செல்லு தீந்துடும் சார்."

"தீந்தா வேற வாங்கிப் போடு."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு வில்லைகளைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன்.

நான்கு மாதம், தினமும் வேலை முடிந்து வந்ததும் ஜன்னலோரத்து மேஜையில் உட்கார்ந்துவிடுவேன். மூர் மார்க்கெட்டில் டிரான்சிஸ்டரும் காதில் வைக்கும் குமிழும் தேடிப் பிடித்தேன். மகள் என் காலடியில் தவழ்ந்துகொண்டும் எதையாவது பிடித்து எழுந்து நின்றுகொண்டும் இருப்பாள். சூடாக இருக்கும் ஈயப் பற்றவைப்புக் கோலைத் தொட்டுவிடப் போகிறாளே என்று விரட்டுவேன். "இவளப் புடிச்சிக்கினு போ" என்று கத்துவேன். மனைவிக்குக் கேட்காது. நானே தூக்கிக்கொண்டு போய் உள்ளே விட்டுவிட்டு வந்து உட்காருவேன்.

ஈஸ்டர் அன்று காலைப் பூசை முடிந்து வந்ததும் அவளை ஜன்னலருகே உட்கார வைத்தேன். ஆறு வில்லைகளையும் பதித்த பலகையைக் கயிற்றில் கோத்து, மாதா உத்தரியம் போல அவள் கழுத்தில் மாட்டி, குமிழைக் காதில் வைத்தேன். "கேக்குதா?" என்றேன்.

அவள் திடுக்கிட்டாள். பிறகு சிரித்தாள். "ஒன் கொரலு இப்டியாய்யா கீது? தவர டப்பாக்குள்ள பேசறா மாரி கீதே."

வெளியே காக்கை கத்தியது. அதையும் கேட்டேன் என்று விரலை நீட்டிக் காட்டினாள். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்தக் கருவி பொய்யில்லை. ஜன்னலோரம், பகல் வெளிச்சத்தில், மெல்ல ஓடியது. ஆனால் எங்கள் வீடு ஒரே அறை, பின்னால் இருட்டுச் சமையலறை. அவள் பொழுதெல்லாம் அங்கேதான். அங்கே போனால் சத்தம் செத்துவிடும். சாயங்காலமானால் நூறு வாட் பல்பு போட்ட மேஜை விளக்குக்கு ஒரு சாண் தள்ளி அவள் உட்கார வேண்டும். மே மாத ராயபுரத்துப் புழுக்கத்தில், கழுத்தில் பலகையோடு, வியர்வை வழிய உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் இருக்கும் குழந்தையிடம் திரும்பினால் பலகையும் திரும்பும். வெளிச்சம் விலகும். காது அடைக்கும். "திரும்பாதே, நேரா ஒக்காரு" என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

குழந்தை அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. அம்மாவின் கன்னத்தில் கை வைத்து முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டுதான் எதையும் சொல்லும். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம்.

ஆகஸ்டு மாதம் வேலையிடத்து நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்தேன், காட்டுவதற்காகத்தான். ஒருவன் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, "இன்னா தங்கச்சி, கேக்குதா?" என்றான்.

"நல்லா கேக்குதுண்ணே. டீ போடட்டா?"

"கில்லாடி மாமு நீ" என்று என் முதுகில் தட்டினான். டோல்கேட் பஸ் நிறுத்தம் வரைக்கும் அவர்களோடு நடந்து போய், வழியெல்லாம் அந்தக் கருவியைப் பற்றியே பேசினேன்.

மழைக்காலம் வந்தது. பகலிலேயே வீடு இருட்டிக் கிடந்தது. இன்னும் இரண்டு வில்லை சேர்த்தால் தாங்கும் என்று நினைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்தேன். குமிழுக்குப் போகும் கம்பி, பற்றவைத்த இடத்தில் விட்டுப்போயிருந்தது. முனையில் பச்சையாகக் களிம்பு பூத்து, அதன்மேல் தூசும் படிந்திருந்தது. கடற்காற்று ஊரில் அது புதிதல்ல. ஆனால் ஒரு வாரத்தில், இரண்டு வாரத்தில் ஏறும் களிம்பு அல்ல அது.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எப்போலேந்து கேக்கல?"

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெயில் காலத்துலயே நின்னுபோச்சி."

"அவங்க வந்தப்போ?"

"வாயப் பாத்துக்கினே இருந்தேன். புரிஞ்சிது."

"ஏன் சொல்லல?"

"தெனம் வேல வுட்டு வந்து குந்திக்கினு செஞ்சே. அத்தப் போயி எப்டிய்யா சொல்றது?"

அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். மறுநாளே அவளை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போயிருக்க வேண்டும். எனக்கோ அவமானம்தான் பெரிதாக இருந்தது. "நாலு பேரு முன்னாடி என்னக் கேனையனாக்கிட்டே" என்று கத்திவிட்டு வெளியே போனேன். அதோடு விடவில்லை. பத்து நாளுக்கு மேல், அவளிடம் எது சொன்னாலும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னேன். வாயைப் பார்த்தால்தான் அவளுக்குப் புரியும் என்று தெரிந்தே அப்படிச் செய்தேன். அவள் சுற்றிச் சுற்றி என் முகத்துக்கு நேரே வந்து நிற்பாள். நான் மறுபடியும் திரும்பிக்கொள்வேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு நாள் அவள் அக்கா வந்தவள் இதைக் கண்ணால் பார்த்துவிட்டாள். நான் வேலைக்குப் போன பிறகு தங்கையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், டாக்டரைப் பார்த்து, நான் வேண்டாம் என்ற லெட்டரை வாங்கிக்கொண்டாள். எனக்கு எதுவும் தெரியாது.

பொங்கலுக்குப் பிறகு ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றினேன். சமையலறை இருட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு தோசை வார்த்துக்கொண்டிருந்தவள், திரும்பாமலே, "வந்துட்டியா?" என்றாள்.

அப்படியே நின்றுவிட்டேன். ரவிக்கையில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி காதுக்குப் போனது. உள்ளே ஒரே ஒரு பென் டார்ச் செல்.

மகள் என்னைத் தாண்டி உள்ளே ஓடி, "அம்மா, எனக்கு ரெண்டு தோச, சின்னதா, முறுவலா" என்றாள். அம்மா முகத்தைத் தன் பக்கம் திருப்பாமலே சொல்லிவிட்டு, பதிலும் கிடைத்த பிறகு, ஏதோ சந்தேகம் வந்தவள் போல அம்மாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இம்மாம் பேசறாளே" என்று என் மனைவி என்னைப் பார்த்தாள். கரண்டி கையிலேயே இருந்தது. "மொதல்ல இன்னாய்யா சொன்னா? மொத வார்த்த?"

யோசித்துப் பார்த்தேன். மகளுக்குப் பேச்சு வந்த மாதங்களில் அவள் என் காலடியில்தான் இருந்தாள். என் காது இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. தூக்கிக்கொண்டு போய் உள்ளே விட்டது மட்டும்தான் எனக்கு ஞாபகம்.

"அம்மான்னுதான்" என்றேன்.

பழக்கத்தில் அவள் கண் என் வாய்க்குப் போனது. கொஞ்ச நேரம் பார்த்தாள். "சும்மா சொல்றே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கருகப்போன தோசையைத் திருப்பிப் போட்டாள்.

அடுத்த வாரம் அவள் அக்காவிடம் போய்க் கேட்டேன், அவளுக்காவது தெரிந்திருக்கும் என்று. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை.

"பேச ஆரம்பிச்சப்போ கொயந்த ஒன் வூட்லதானே இருந்திச்சி. என்னாண்ட வந்து கேக்கறே" என்றாள்.