அத்தையிடமிருந்து நான் ஒளித்துவைத்த அட்டை

தொண்ணூறுகளின் நடுவில், நாங்கள் மலேசியாவில் கிள்ளான் நகரில் குடியிருந்தபோது நடந்தது இது. என் அத்தை, அதாவது மாமியார், அரசாங்கப் பள்ளி விடுதியில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பென்ஷன்காரர் என்பதால் அரசாங்க கிளினிக்கில் அவருக்கு எல்லாம் இலவசம். இனிப்பு நீருக்கு, அதாவது சர்க்கரை வியாதிக்கு, மாதாமாதம் போய் கிளினிக் அட்டையில் பதிந்துகொண்டு மருந்து வாங்கி வருவார்.

எனக்குத்தான் அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. ஆபீசில் வேலை பார்ப்பவளின் மாமியார் விடியற்காலையில் போய் வரிசையில் காத்துக் கிடப்பதா? அந்த நேரம் பார்த்து, கோயிலில் பழக்கமான இன்சூரன்ஸ் ஏஜண்ட் ஒருவர் முதியோருக்கான தனியார் மருத்துவத் திட்டத்தைக் கொண்டுவந்தார்.

“ஏர்கோன் ரூம் லா அக்கா. ஃபாரத்துல இனிப்பு நீர்னு மட்டும் எழுதாதீங்க. கொஞ்ச நாளைக்கு அவங்கள கவர்மெண்ட் கிளினிக் பக்கம் விடாதீங்க. ரெக்கார்டு இருந்தா க்ளைம் கஷ்டம்” என்றார்.

நானும் மண்டையை ஆட்டி, அவர் சொன்னபடியே ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்தேன். அத்தையின் கிளினிக் அட்டையை எடுத்துப்போய் என் ஆபீஸ் மேசையில் வைத்துப் பூட்டினேன். மருந்துக்குப் பதில் பாகற்காய்ச் சாறு போதும் என்று அவருக்கு உபதேசம் வேறு. என் புத்தியை என்னவென்று சொல்ல! அத்தையும் சாற்றை வாங்கிக் குடித்துக்கொண்டார்.

மூன்றாம் மாதம் அவர் காலில் ஆணி குத்தியது. சின்னக் காயம்தானே என்று விட்டோம். நான்கே நாளில் பாதம் வீங்கிக் காய்ச்சலும் வந்துவிட்டது. தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். டாக்டர் கேட்டதும் அத்தை இனிப்பு நீரை மறைக்காமல் சொல்லிவிட்டார். பழைய நோய்க்குத் திட்டம் செல்லாது என்று கவுண்டரில் கையை விரித்துவிட்டார்கள்.

டாக்சி பிடித்து அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம். காலை எடுத்துவிடுவார்களோ என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தேன். அங்கிருந்த தமிழ் டாக்டரிடம், மூன்று மாதமாக மருந்தை நிறுத்தியது நான்தான் என்று அழுதபடி உளறிக் கொட்டினேன்.

சக்கர நாற்காலியில் இருந்த அத்தை நிமிர்ந்தார். “யாரு நிறுத்துனது? அட்டை தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி வேற அட்டை வாங்கிட்டேன். நீ வேலைக்குப் போனதும் பஸ் ஏறிப் போயிட்டு வந்துருவேன். சொன்னா நீ விட்டிருப்பியா?” என்றபடி கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து டாக்டரிடம் நீட்டினார்.

டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்தார். மருந்து விட்டுப்போயிருந்தால் பாதம் தப்பியிருக்காது, இனி பயமில்லை என்றார். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. அத்தையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். பத்தாம் நாள் அவர் தன் காலால் நடந்தே வீட்டுக்குள் வந்தார்.

அந்தத் திட்டத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். இன்றும் வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு யாராவது அப்படி ஒரு ஃபாரத்தோடு வந்தால், நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, காலமெல்லாம் உழைத்து ஒருவர் பெற்ற உரிமையை வறட்டுக் கௌரவத்துக்காகப் பிடுங்கப் பார்த்தவள் நான் என்பதை வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன்.