இரண்டு பேருக்கான அறை

ஆண்களைப் பற்றி விக்ரோரியாவுக்கு எந்தக் காலத்திலும் பெரிய மதிப்பு இருந்ததில்லை. மன்னார் பேசாலை மீனவர் சங்கத்தில் ஒன்பது வருடம் கிளாக்காக இருந்தவள். அவள் மேசைக்கு முன்னால் நின்று படகுக்காரச் சம்மாட்டிமார் அவிழ்த்துவிட்ட புளுகெல்லாம் கேட்டுக் காது மரத்துப் போயிருந்தது. அப்படிப்பட்டவள் முப்பது வயதில் டானியலைக் கட்டச் சம்மதித்ததற்கு ஒரே காரணம், பெண் பார்க்க வந்த அன்று அவன் வாயே திறக்காமல் இருந்ததுதான். அடக்கமான மனிசன் என்று நினைத்தாள். அது அடக்கமில்லை, பயம் என்று அவளுக்குத் தெரியவர ஐந்து வருடம் எடுத்தது.

அந்த ஐந்து வருடத்தில் நாலரை வருடம் இரண்டு பேரும் இரண்டு நாட்டில் இருந்தார்கள். எண்பத்தாறு மாசியில் கலியாணம். பத்தொன்பதாம் நாள் டானியல் ஏஜென்சிக்காரனோடு வெளிக்கிட்டு, எங்கெல்லாமோ சுற்றி, கடைசியில் டென்மார்க்கில் வந்து விழுந்தான். அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். மனைவியைக் கூப்பிட விண்ணப்பம் போட்டான். சட்டப்படி அவளுக்கு வர உரிமை இருந்தது. ஆனால் தமிழருடைய விண்ணப்பங்களை எடுக்க வேண்டாமென்று நீதி மந்திரியின் கட்டளை. அவளுடைய கோப்பும் மற்றவர்களுடையதோடு சேர்ந்து கிடந்து தூசி குடித்தது. அவள் கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் ஒரு வாடகை அறையில் இருந்து தபால்காரனுடைய சைக்கிள் மணிக்குக் காது கொடுத்தாள். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் அனுமதி வந்தபோது காதோரம் நரைத்திருந்தது.

வந்து சேர்ந்த இடம் சில்க்போர்க். ஏரியும் காடுமாகப் பார்க்க நல்ல ஊர்தான். வீடுதான் வீடாக இல்லை. மூன்றாம் மாடியில் ஒரு படுக்கையறை, ஒரு ஹோல். ஹோலில் பேதுருவும் யோசேப்பும் குடியிருந்தார்கள். டானியலோடு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள், கலியாணமாகாதவர்கள். "பெடியள் கொஞ்ச நாளைக்கு நிக்கட்டும், வேறை இடம் கிடைச்சதும் போயிடுவாங்கள்" என்று அவள் வந்த அன்றைக்கே டானியல் சொன்னான். எட்டு மாதம் கழிந்தும் பெடியள் இடம் தேடின சிலமன் இல்லை. முப்பது தாண்டின இந்தப் பெடியளின் உடுப்பெல்லாம் படுக்கையறை அலுமாரிக்குள் இருந்தது. ஒருவனுக்குக் காலை வேலை, மற்றவனுக்கு இரவு வேலை. ஆகவே எந்த நேரமும் யாராவது ஒருவன் கதவைத் தட்டி, "அக்கா, என்ர சேட்டு" என்று நின்றான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவளுக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது பேதுருவின் அரசியல். அது தமிழர் வழக்கு பத்திரிகையில் நாறிக்கொண்டிருந்த காலம். விசாரணைக் கொமிஷன் ஒவ்வொரு அதிகாரியாகக் கூப்பிட்டு, கோப்புகளை நிறுத்தினது யார் என்று கேட்டுக்கொண்டிருந்தது. பேதுரு பின்னேரம் நாலு மணிக்குப் பேப்பரை விரித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தால் எழும்புகிறதில்லை. "புருசன் பெஞ்சாதியைப் பிரிச்சு வைக்கிறது எவ்வளவு பெரிய பாவம் பாருங்கோ அண்ணை!" என்று நெஞ்சில் கை வைப்பான். டானியலும் யோசேப்பும் தலையாட்டுவார்கள். பிரித்து வைக்கப்பட்ட அந்தப் பெஞ்சாதி குசினிக்குள் நின்று மூன்று பேருக்கும் தேத்தண்ணி ஊற்றுவாள். ஒரு நாளாவது கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் பாவத்தைப் பற்றிக் கதைத்தால் என்ன என்று அவளுக்கு வயிறு எரியும்.

அவளுக்குப் புருசனிடம் கேட்க ஒரு விசயம் இருந்தது. வயது முப்பத்தைந்து. பிள்ளை வேண்டுமென்றால் இனிப் பொழுதில்லை. டொக்டரிடம் இரண்டு பேருமாகப் போவோமா, அவனுக்கு உண்மையில் பிள்ளை ஆசை இருக்கிறதா, இல்லையா? கடிதத்தில் எழுதக் கூச்சம். இங்கே வந்தபின் வாயெடுத்தால் அட்டை போன்ற சுவருக்கு அந்தப் பக்கம் பேதுரு இருமினான். டானியல் உடனே "ஸ்ஸ்" என்று விரலை உதட்டில் வைத்தான். சொந்தக் கட்டிலில் களவெடுக்க வந்தவன் மாதிரிப் படுத்திருக்கிற புருசனிடம் என்னத்தைக் கேட்பது?

ஆனி மாதம் மொழிப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வாசிக்கப் பழக்குவதற்காக விளம்பரத் தாள்களைக் கொடுத்தாள். விக்ரோரியாவுக்குக் கிடைத்தது பில்லுண்டில் லெகோலாண்டு என்ற விளையாட்டுப் பூங்காவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு விடுதியினுடையது. அகராதியைப் புரட்டிப் புரட்டி வாசித்தாள். இரண்டு பெரியவர்கள், ஓர் இரவு, காலைச் சாப்பாட்டோடு, பூங்காவுக்கு நுழைவுச் சீட்டும் சேர்த்து. விளையாட்டுக் கட்டிகளால் கட்டின ஊரைப் பார்க்க அவளுக்கு ஒரு துளி ஆசையும் இல்லை. உள்ளே பூட்டக்கூடிய ஒரு கதவு இருக்கிறது என்பதுதான் அவள் கண்ணில் பட்டது.

டானியல் சம்மதித்தான். சம்மதித்தது மட்டுமில்லை, நாலு நாள் புது மாப்பிள்ளை மாதிரித் திரிந்தான். பஸ் நேரம் எழுதிக்கொண்டு வந்தான். விடுதிக்குத் தானே ரெலிபோன் எடுத்து, தெரிந்த டேனிஷில் அறை சொல்லி வைத்தான். "அங்க சின்ன றெயில் ஒண்டு ஓடுதாம், நாங்களும் ஏறுவம்" என்று குசினிக்குள் வந்து மெதுவாகச் சொன்னான். அந்த நாலு நாளும் விக்ரோரியாவுக்கு அவன்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

ஐந்தாம் நாள் வேலைத்தலத்தில் சாப்பாட்டு மேசையில் வாயை விட்டுவிட்டான். அங்கே இருந்தவர் இராசநாயகம். மட்டக்களப்புக்காரர், வயதில் மூத்தவர், தமிழ்ச் சங்கத் தலைவர். இரண்டு மகள்களுக்குத் தகப்பன். எந்தக் கதைக்கும் தீர்ப்புச் சொல்லாமல் எழும்பாதவர். "பிள்ளையில்லாத நீங்கள் ரெண்டு பேரும் அங்க போய் என்ன செய்யப் போறியள்? ஊஞ்சல் ஆடவோ?" என்று கேட்டாராம். மேசையே சிரித்ததாம்.

வீட்டுக்கு வந்த டானியலின் முகம் செத்துப் போயிருந்தது.

"விக்ரோரியா, அது சின்னப் பிள்ளையளின்ர இடமாம். தனிய போனா ஆக்கள் ஒரு மாதிரிக் கதைப்பினம்."

"எந்த ஆக்கள்? பில்லுண்டில உங்களை ஆருக்குத் தெரியும்?"

"இல்லை... நான் ஒரு ஒழுங்கு செய்திட்டன்." கையைப் பிசைந்தான். "இராசநாயகம் அண்ணையின்ர மகள்மார் ரெண்டு பேரையும் எங்களோட கூட்டிக்கொண்டு போகக் கேட்டனான். பிள்ளையளோட போனா ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்தானே."

விக்ரோரியா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். சேலை இரவல் வாங்குவதுண்டு, சங்கிலி இரவல் வாங்குவதுண்டு. ஊர் வாய்க்குப் பயந்து பிள்ளை இரவல் வாங்கின மனிசனை இப்போதுதான் பார்க்கிறாள். அதுவும் அவனுக்கு ஒரு பிள்ளை வேண்டுமா என்று பெஞ்சாதி கேட்கக் காத்திருக்கும்போது. கோபம் வந்திருந்தால் நல்லது. வந்தது அருவருப்பு.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நம்முடைய ஆட்கள் வழக்கமாகச் செய்கிறதுதான். தாயில்லாமல் பிள்ளைகள் படுக்க மாட்டார்கள் என்று இராசநாயகத்தின் பெஞ்சாதி இராசலட்சுமி சொன்னாள். அவள் வந்தால் இராசநாயகம் தனியே இருந்து என்ன சாப்பிடுவது? அவரும் வந்தார். அவர் வந்தால் வாடகைக்கு ஒரு வான் பிடிக்க வேண்டும். வானில் இடம் மிஞ்சினதால் பேதுருவும் யோசேப்பும் ஏறினார்கள். பேதுரு, ஊருக்குப் படம் அனுப்ப வேண்டுமென்று தனக்கும் யோசேப்புக்கும் கழுத்துப்பட்டிகூட வாங்கினான். வெளிச்சாப்பாடு சரிவராதென்று ஒரு சட்டி புரியாணி தீர்மானமானது. அதைச் சமைக்க வேண்டியவள் யார் என்று யாரும் கேட்கவில்லை, அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே டானியல் ஒன்று செய்தான். விடுதிக்கு மறுபடி ரெலிபோன் எடுத்து, அந்த அறைத் தரையில் இன்னும் ஆறு பேர் பாய் விரிக்கலாமோ என்று கேட்டான். அந்தப் பக்கத்தில் ஆறு பேரோ என்று இரண்டு தரம் கேட்டார்களாம். பிறகு இல்லை என்றார்களாம். "பரவாயில்லை, போய்ச் சமாளிப்பம்" என்றான் டானியல்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு வான் வந்து கீழே நின்றது. இராசநாயகம் இறங்கி நின்று வழி சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இரண்டும் பின்சீட்டில் டேனிஷில் சண்டை பிடித்தன. பேதுருவும் யோசேப்பும் கழுத்துப்பட்டியோடு விறைத்து நின்றார்கள். டானியல் பாய்க்கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினான். அவனுக்குப் பின்னால் விக்ரோரியா ஒரு சின்னப் பையோடு மட்டும் வந்தாள்.

"சட்டி எங்க தங்கச்சி?" என்றாள் இராசலட்சுமி.

"சட்டி குசினி அலுமாரிக்குள்ள இருக்குது அக்கா. அரிசி கடையில இருக்குது."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பேதுரு சமாதானம் பண்ணுகிற குரலில், "என்னக்கா, சுகமில்லையோ?" என்றான்.

"எனக்குச் சுகம். மந்திரி புருசன் பெஞ்சாதியைப் பிரிச்சுப்போட்டார் எண்டு எட்டு மாசமா என்ர சோபாவில இருந்து அழுறியே பேதுரு, உனக்கு வெக்கமா இல்லையோ? அவர் என்னைக் கண்டதுமில்லை, என்ர பேர்கூடத் தெரிஞ்சிருக்காது. நீ என்ர கையால தேத்தண்ணி குடிச்சுக் குடிச்செல்லோ எங்களைப் பிரிச்சு வைச்சிருக்கிறாய்!"

யோசேப் தன் சப்பாத்தைப் பார்த்தான். இராசநாயகம் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, கூடப்பிறந்த ஆக்கள் மாதிரி எண்டு நினைச்சுத்தான் நாங்கள்..."

"கூடப்பிறந்த ஆக்கள் கலியாணம் கட்டினவையின்ர அறைக்குள்ள பாய் விரிக்க மாட்டினம் அண்ணை."

பிறகு டானியலிடம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "ஒன்பதே காலுக்குப் பஸ். அறை ரெண்டு பேருக்கு. நான் போறன். வாறதெண்டால் வாருங்கோ."

"ஆக்களுக்கு முன்னால இப்பிடி..." என்றான் டானியல். பாய்க்கட்டு இன்னும் தோளில்தான் இருந்தது.

அவள் நடந்தாள். தெருமுனையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். டானியல் பாயைக் கீழே வைத்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தான். அவளை நோக்கியில்லை. கோபித்துக்கொண்டு வானில் ஏறப்போன இராசநாயகத்தை நோக்கி. அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு என்னவோ கெஞ்சினான். அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் பஸ் நிலையத்தில் அவள் தன் பக்கத்து இருக்கையில் பையை வைக்காமல் மடியில் வைத்திருந்தாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பஸ் புறப்பட்ட பிறகுதான் பை பக்கத்துக்குப் போனது. வழியில் கொஞ்சம் அழுதாள். பஸ் மாறுகிற இடத்தில் மூக்கைச் சிந்திவிட்டு, அந்த அழுகைக்கு அவன் தகுதியில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

விடுதி வரவேற்பு மேசையில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். முன்னால் அன்றைய பேப்பர் தமிழர் வழக்குச் செய்தியோடு விரிந்து கிடந்தது. பெயரைத் தேடிப் பார்த்து, பூங்காவைப் பார்த்த நல்ல அறை, இரட்டைக் கட்டில் என்று சொல்லித் திறப்பை எடுத்தாள். பிறகு வாசற்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, நிதானமான டேனிஷில் கேட்டாள்:

"உங்கள் கணவர் பிறகு வருவாரா?"

விக்ரோரியா சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, பள்ளிக்கூடத்தில் பழக்கின மாதிரியே பிழையில்லாமல் அடுக்கிச் சொன்னாள்.

"அவருக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை."

அந்தப் பெண்ணின் முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது. பேப்பரை அந்தச் செய்தி தெரியாதபடி மடித்து மேசைக்குக் கீழே வைத்தாள். விக்ரோரியாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, தன் நாட்டுக்காக மன்னிப்புக் கேட்டாள்.

விக்ரோரியா அவளைத் திருத்தவில்லை. திறப்பை வாங்கிக்கொண்டு மேலே போய், உள்ளே பூட்டினாள்.