தண்ணீரோடு ஊர்வலம் போன அதிகாரி

வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரனிடம் தண்ணீர் வந்ததா என்று கேட்டால் நேராகப் பதில் வராது. "வந்துச்சு, எட்டிப் பாத்துச்சு, போயிடுச்சு" என்பான். "பூதலூர் தாண்டும்போதே அதுக்குக் கால் வலி வந்துடுதுங்க" என்பான். பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே எங்கள் ஊரில் இப்படிப் பேசியே வயிற்றெரிச்சலை ஆற்றிக்கொள்வோம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோன எனக்கு இந்தப் பேச்சுகள்தான் மேல்படிப்பு.

கழக ஆட்சி வந்து, குத்தகைக்காரர் பெயரைப் பதியச் சட்டமும் வந்திருந்த காலம். சித்தப்பா காலமான பிறகு, அவர் குத்தகைக்கு உழுத நிலத்தை என் சின்னம்மா தன் பெயரில் பதிந்துகொண்டாள். ஒரு பெண்பிள்ளை ஆபீஸ் படியேறியதை நிலத்துக்காரரான மிராசுதாரால் பொறுக்க முடியவில்லை. நடாமல் தரிசு போட்டால் அதையே சாக்காக வைத்து நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார் என்பது ஊருக்கே தெரியும். அந்த வருஷம் அவள் நாற்று விட்டுவிட்டாள். நடவு வயலோ வெடித்துக் கிடந்தது. நாற்று நாளுக்கு நாள் முற்றியது.

அப்போது முறைத்தண்ணீர். ஒரு வாய்க்காலுக்கு இரண்டு நாள் திறந்துவிட்டு, அதை அடைத்து அடுத்ததற்கு விடுவார்கள். எங்கள் முறையில் வாய்க்கால் நனையும். தண்ணீர் வயலுக்கு ஏறுவதற்குள் மதகு இறங்கிவிடும். கூடுதலாக ஒரு முறை வேண்டுமென்று விவசாயிகள் சங்கத்தில் மனு எழுதினோம். எழுதியது நான்தான். பார்த்துவிட்டுச் சொல்ல பொதுப்பணித் துறையிலிருந்து ஓர் இளம் இன்ஜினியர் வந்தார்.

"எல்லா வாய்க்காலையும் பாக்க எனக்கு ஆளு இல்லைங்க. சீட்டுக் குலுக்கிப் போட்டுச் சிலதை எடுத்திருக்கேன். அதுல யார் பக்கமும் சாய முடியாது" என்றார். நியாயமாகத்தான் பட்டது. எந்த நாளில் எதைப் பார்ப்பது என்பதை மட்டும் எங்களிடம் விட்டார்.

அங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. சங்கத் தலைவர் சொன்னார்: "வந்த மனுசனைக் காஞ்ச வாய்க்கால்லயா கொண்டுபோய் நிறுத்துறது? பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு அடுப்புச் சாம்பலைக் காட்டுவமா?" எந்த வாய்க்காலில் அன்று முறை ஓடுகிறதோ, அந்த வாய்க்காலுக்கே அவரை அழைத்துப் போனோம். நிழலில் நாற்காலி, வெட்டிவைத்த இளநீர், காலடியில் சலசலவென்று தண்ணீர். உபசரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.

கடைசி நாள் அவர் சொன்னார்: "எங்க பாத்தாலும் தண்ணி ஓடுதே. இதுக்கு மேல எதுக்குங்க ஒரு முறை?"

சின்னம்மாதான் முன்னால் வந்தாள். "சாமி புறப்பாட்டுக்குப் பின்னாலயே நடந்தா எல்லாத் தெருவுலயும் கூட்டம்தான் சார் தெரியும். நீங்க தண்ணியோட ஊர்வலம் போயிட்டு வந்திருக்கீங்க. சாமி போனப்புறம் எங்க தெருவுக்கு வந்து பாருங்க."

அவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். தலைவர் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஒரு மரியாதைக்காகத்தான்மா..." என்றார்.

"உங்க மரியாதையில என் நாத்து, நாத்தங்கால்லயே கதிர் விட்டுடும் அண்ணே."

அன்று மாலை டீக்கடையில் இன்ஜினியர் என்னிடம் சொன்னார்: "மதகு ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்குறப்ப, எந்த வாய்க்காலுக்குத் தண்ணி சேருதுங்கிறதே நாளுக்கு நாள் மாறிடுது. வாய்க்காலுக்கு மட்டும் சீட்டுப் போட்டா போதாது. நாளுக்கும் போட்டிருக்கணும்." மறுபடி குலுக்கினார். இந்தத் தடவை எங்களுக்கும் சொல்லவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் மேல்மடைக்காரர்கள் உஷாராகிவிடுவார்கள் என்று பஸ்ஸில் வந்து இறங்கி, வாடகை சைக்கிளில் போனார். போன நாள்களில் பாதியும் வறண்ட மண்ணைத்தான் பார்த்தாராம். அதைக் கேட்டு நாங்கள் சந்தோஷப்பட்டோம். வாய்க்கால் காய்ந்து கிடந்ததற்குச் சந்தோஷப்பட்டதை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது.

சரியாகப் பார்க்க நாள் பிடிக்கும். சீட்டில் விழுந்த நாளெல்லாம் முடிய வேண்டும், அறிக்கை மேலே போக வேண்டும், அங்கே பெரிய அதிகாரி வெளியூர் போகாமல் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை நாற்று காத்திருக்குமா? சின்னம்மா தினமும் நாற்றங்காலுக்குப் போய் ஒன்றைப் பிடுங்கி, கணு விழுந்துவிட்டதா என்று தண்டை நசுக்கிப் பார்த்துவிட்டு வருவாள்.

கூடுதல் முறை கிடைத்தது. வயலுக்குத் தண்ணீர் ஏறியபோது நாற்று கணு விட்டிருந்தது; இனி அது சரியாகக் கிளைக்காது. நுனியைக் கிள்ளி, குத்துக்குக் கை நிறைய வைத்து நட்டார்கள். நடவுப் பெண்களுக்குப் பாட்டே வரவில்லை. மிராசுதாரின் காரியக்காரர் வரப்பில் வந்து நின்று, "இந்தக் கிழட்டு நாத்து விளைஞ்சுடுமா?" என்றார்.

"விளையுறது அப்புறம் பாத்துக்கலாங்க. நட்டாச்சுன்னு போய் உங்க முதலாளிகிட்டச் சொல்லுங்க."

அவர் போகும்வரை சின்னம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். பிறகு அப்படியே வரப்பில் உட்கார்ந்து, "என்னைக் கொஞ்சம் எழுப்பி விடுடா தம்பி, காலு வரல" என்றாள்.