குடைக்குக் கதவில்லை

போன வருட மழைக்காலத்தில், கண்டி நகருக்கு மேலே இருக்கிற உடவத்தகெலே காட்டில் நடந்தது இது. காடு என்றதும் பயந்துவிடாதீர்கள். வாசலில் டிக்கெட் வாங்கி உள்ளே போனால் ஒரு குளம், மரங்களுக்குள்ளே நடக்கப் பாதைகள், உட்கார வாங்குகள் என்று ஊரே உலாவப் போகிற இடம்தான். அட்டையும் குரங்கும் மட்டும் டிக்கெட் இல்லாமல் வரும்.

நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். என்னுடைய அரசாங்க உத்தியோகத்துக்காகக் கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலைக்கு வந்து பல வருடமாகிறது. என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து, கால் ஓரளவு தேறியும் பேச்சு திரும்பவில்லை. வாயில் மிஞ்சியது ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர்ப் பக்கம் சொல்கிற ஒரே ஒரு சொல்: "ஓம்." சோறு போடவா என்றாலும் ஓம், போதுமா என்றாலும் ஓம். நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதால் சனிக்கிழமைப் பின்னேரங்களில் அவரை அங்கே கூட்டிப் போவேன்.

அந்த இடத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. குடைகள். மழையோ வெயிலோ, வாங்குக்கு வாங்கு ஒரு விரித்த குடை. அதற்குக் கீழே நான்கு கால்கள். காதல் சோடிகள்தான், வேறென்ன! "பெத்ததுகள் பிள்ளை ரியூசனுக்குப் போயிருக்குது எண்டு நினைச்சுக்கொண்டிருக்குங்கள்" என்று முணுமுணுத்துக்கொண்டே கடந்து போவேன். அவர் "ஓம்" என்பார். அதில் எனக்கான நக்கல் கொஞ்சம் இருப்பது தெரியும்.

அன்றைக்குக் குளத்தடி வாங்கில் உட்கார்ந்த பிறகுதான் தண்ணீர்ப் போத்தல் ஞாபகம் வந்தது. அவர் மாத்திரை போடுகிற நேரம். "போத்தலை வாசலிலயே விட்டிட்டன் போல. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன். இதிலயே இருங்கோ, என்ன?" என்றேன். தோளில் தொங்கிய துணிப்பையைத் தட்டிக்கொண்டே "ஓம், ஓம்" என்றார். போய் வா என்கிறார் என்று நினைத்து, கையிலிருந்த குடையோடு கிளம்பிவிட்டேன்.

வாசலில் போத்தல் இல்லை. திரும்பி வந்தால் வாங்கில் அவர் இல்லை.

முதலில் குளத்தைத்தான் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. "இஞ்சேருங்கோ! இஞ்சேருங்கோ!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் உறைத்தது: நான் கூப்பிடுவது கேட்டாலும், தான் எங்கே நிற்கிறார் என்று சொல்ல அவருக்கு வாயில்லை. அவருடைய மெலிந்த "ஓம்" நாலு மரம் தாண்டி வராது. அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது. வழுக்குகிற பாதை, இழுத்து நடக்கிற கால், குடையோ என் கையில்.

கண்ணுக்கெட்டிய தூரத்தில் மனிதர் என்று இருந்தது அந்தக் குடைகள் மட்டும்தான். ஆபத்துக்குப் பாவமில்லை என்று முதல் குடைக்கு முன்னால் போய் நின்றேன். எப்படிக் கூப்பிடுவது? தட்டலாம் என்றால் குடைக்குக் கதவில்லையே. இருமினேன். குடை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. பலமாக இருமினேன். எட்டிப் பார்த்த பெண் என்னைக் கண்டதும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். தன்னைப் பிடிக்க வந்த யாரோ பெரியம்மா என்று நினைத்தாளோ என்னவோ. எனக்குத் தெரிந்த அலுவலகச் சிங்களத்தில், நீலச் சட்டை போட்டவர், காலை இழுத்து நடப்பார், பேச மாட்டார் என்று அழுகையோடு சொன்னேன். முடிப்பதற்குள் பக்கத்தில் இருந்த பையன் எழுந்துவிட்டான்.

அவன் என்னைப் போல இருமிக்கொண்டு நிற்கவில்லை. விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்து, நான் சொன்னதை எல்லோருக்கும் கேட்கக் கூவினான். குடைகள் ஒவ்வொன்றாக எழும்பின. நான் முகத்தைச் சுளித்துக் கடந்து போன அத்தனை பிள்ளைகளும் அந்த மழையில் பாதைக்குப் பாதை பிரிந்து ஓடினார்கள். முகத்தை மூடிய பெண் துப்பட்டாவை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் மேலே மூங்கில் பக்கமிருந்து விசில் கேட்டது. விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். அங்கே ஒரு சின்னப் பூப்போட்ட குடைக்குள் மூன்று பேர். நடுவில் நனையாமல் என் கணவர். இரண்டு பக்கமும் பாதி நனைந்தபடி ஒரு சோடி. அந்தப் பெண் குனிந்து அவர் காலில் ஏறிய அட்டை விழுவதற்குத் தலைவலித் தைலம் தடவிக்கொண்டிருந்தாள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையாம்.

"பயப்படாதீங்கம்மா, ஐயா நல்லா இருக்காங்க. தனியா வந்தீங்களானு கேட்டேன், ஓம்னாங்க. வீட்டம்மாவோட வந்தீங்களானு கேட்டேன், அதுக்கும் ஓம்னாங்க. அப்பதான் இவங்கள விட்டுட்டுப் போகக் கூடாதுனு தோணுச்சு. மழை விட்டதும் வாசலுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தோம்."

போன உயிர் திரும்பி வந்தது. அவ்வளவு பேருக்கும் முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன். அழுது முடிந்ததும் கோபம் வந்தது. "இருங்கோ எண்டு சொன்னனான் எல்லே? ஏன் எழும்பி வந்தனீங்கள்?" என்று பொரிந்து தள்ளினேன். அவர் துணிப்பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து நீட்டினார்.

தண்ணீர்ப் போத்தல். வீட்டிலிருந்து புறப்படும்போது நானேதான் அந்தப் பைக்குள் வைத்திருக்கிறேன். தட்டித் தட்டிக் காட்டியும் நான் பார்க்காமல் ஓடியதால், அதைக் கொடுக்க என் பின்னால் எழும்பி வந்து, பாதை பிரிகிற இடத்தில் மாறிப் போயிருக்கிறார். மாத்திரையை அந்த மழையில் நின்றபடியே கொடுத்தேன்.

இறங்கும்போது எங்கள் இருவருக்கும் ஒரே குடை. வழுக்கும் என்று அவர் என் தோளில் கையைப் போட, நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் ஒரு விசில் கேட்டது. திரும்பினால் அந்தப் பிள்ளைகள் எல்லோரும் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் மட்டும் கோணிய வாயால் சிரித்து, "ஓம்" என்றார்.

இப்போதும் சனிக்கிழமைகளில் அங்கே போகிறோம். குடைகளைக் கண்டால் முணுமுணுப்பதை விட்டுவிட்டேன். அவர் "ஓம்" என்றதும் எழும்பி ஓடுவதையும் விட்டுவிட்டேன். அவருடைய கை எதைத் தட்டுகிறது என்று பார்த்த பிறகுதான் இப்போதெல்லாம் ஓர் அடி எடுத்து வைக்கிறேன்.